திரையில் வராமல் போன வரி

மேனேஜர் அய்யா, நீங்கள் எழுதியிருப்பது பொய். மில்லின் ஆண்டு விழா மலரில், உங்கள் போட்டோவுக்குக் கீழே, "ஆரம்ப காலத்தில் ஒரு பெண் ஊழியரின் தட்டச்சுக் கவனக்குறைவால் ஒரு பண்ணைக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. அதன் பிறகு மூன்று ஃபார்முலாவுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடும் முறையை நான் கொண்டுவந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாக்கியம். இரண்டும் பொய். நீங்கள் செய்த தப்பை அந்தப் பெண்ணின் தலையில் போட்டீர்கள். அந்தப் பெண் கண்டுபிடித்ததை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டீர்கள். எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்தான் காரணம் என்று அடித்த தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை நான் எழுதவில்லை. எனக்கு அந்தத் தகுதி கிடையாது.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித் தீவன மில்லில், மிக்சிங் பகுதியில் நான் வேலை பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தீவன மில்லிலும் இல்லாத காலத்தில் எங்கள் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசின் முன்பகுதியில் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டி அதற்குள் வைத்தார்கள். மில் முழுவதற்கும் அந்த ஓர் அறையில்தான் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிக்சிங் ஆட்கள் தவிட்டுத் தூசியோடு வருவோம் என்பதால் எங்களுக்குக் கதவுவரைதான் அனுமதி. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்கு அதன் பிளாஸ்டிக் உறையை மேனேஜர்தான் கழற்றுவார், வேறு யாரும் தொடக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. திங்கட்கிழமை ஃபார்முலா நாள். பண்ணைக்காரர்கள் தங்கள் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் மாதிரிக்குக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாகப் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குஞ்சுக்கு ஒரு கலவை, வளரும் கோழிக்கு ஒன்று, முட்டைக் கோழிக்கு ஒன்று. எந்தச் சரக்கு என்ன விலை, அதில் எவ்வளவு சத்து, எதை எவ்வளவுக்கு மேல் போடக் கூடாது என்பதையெல்லாம் கொடுத்துவிட்டால், செலவு குறைய எதை எத்தனை கிலோ போட வேண்டும் என்று அது கண்டுபிடித்துத் தாளில் அடித்துக் கொடுக்கும். அதற்கு முன் கோழி டாக்டர் ஒருவர் அரைநாள் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்த கணக்கு அது.

அதை இயக்க சேலத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, சேலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கடை வைத்திருந்தார். ஊரில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தபோது சேர்ந்து படித்தவர். தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ வயதிருக்கும், ஆனால் மில்லில் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டரம்மா. நான் அம்மணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். மில் பொருட்களின் பெயரெல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டார். மரவள்ளிச் சக்கையான திப்பி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு ஈரம் இருக்கும், கருவாட்டுத் தூளில் ஏன் ஒரு லோடு கரிக்கிறது, இன்னொரு லோடு கரிக்கவில்லை என்று எங்களிடம் வந்து கேட்பார். கருவாட்டில் உப்பு ஏறிக்கிடக்கிறது என்று கோழி டாக்டர் ஒருமுறை சொன்னதும், மொத்தக் கலவையில் உப்பு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரியைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தது அவர்தான். அந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. அவருடைய மகள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டர் வந்து சில மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு திடீரென்று வேலை நடுவில் நிற்க ஆரம்பித்தது. மெமரியில் இடம் போதவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அவ்வளவுதான், அதுவரை அடித்துக் கொடுத்ததெல்லாம் போய்விடும். காலையில் வராது, மதியத்துக்கு மேல் வரும். மேனேஜர் சூடு என்றார். ஏசியைக் கூட்டினார்கள். அந்தப் பெண் முக்காட்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு விறைத்த விரலோடு அடித்தார். அப்போதும் வந்தது. தூசி என்றார். மிக்சிங் ஆட்கள் கதவுப் பக்கம்கூட வரக் கூடாது என்று ஒரு வாரம் எங்களை விரட்டினார். அப்போதும் வந்தது. சேலத்திலிருந்து ரிப்பேர்காரர் வந்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னச் சின்னச் சில்லுகளைப் பிடுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் அவற்றின் கம்பிக் கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்தி வைத்தார். அன்று முழுக்க ஒழுங்காக ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் மறுபடி அதே வரி. அவர் ரப்பரால் துடைத்தது காரணமே இல்லை, திறப்பதற்காக நிறுத்திப் போட்டதுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது.

நீளமான நோட்டு ஒன்றை வாங்கி அவர் எழுத ஆரம்பித்தார். எந்த ஃபார்முலா முதலில், எது அடுத்தது, எப்போது நின்றது, திரை மூலையில் என்ன எண் தெரிந்தது. மீதி இடம் எவ்வளவு என்று காட்டும் எண் ஒன்று ப்ரோகிராமின் மூலையில் எப்போதும் இருக்கும். விஷயமே அங்கேதான் இருந்தது. அறுபது வேண்டிய வேலைக்கு நூற்றுப்பத்து மீதி இருக்கிறது என்று மூலையில் காட்டிக்கொண்டே, நடுவில் இடம் போதவில்லை என்று சொல்லியது. எந்திரம் பொய் சொல்கிறது என்று எல்லோரும் பேசினோம். இரண்டும் நிஜமாக இருந்தால் எப்படி என்று அவர் ஒருவர்தான் யோசித்தார். சின்ன ஃபார்முலாக்களை முதலில் போட்டுப் பெரியதைப் பின்னால் போட்டால் மூன்றாவதிலேயே நிற்கிறது, பெரியதை முதலில் போட்டால் ஐந்துவரை தாங்குகிறது என்று கண்டுபிடித்தார். பிரிண்டருக்காக இடையில் ஏறுகிற ஒரு சின்ன ப்ரோகிராம், வேலை முடிந்த பிறகும் இறங்காமல் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது என்றும் கண்டுபிடித்தார். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அந்த வரி முதன்முதலில் வந்த வாரமும் மில்லுக்கு யூபிஎஸ் வந்த வாரமும் ஒன்று. அதற்கு முன்னால் கரண்ட் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போகும். போனால் கம்ப்யூட்டர் அணையும், வந்தால் எல்லாம் முதலிலிருந்து. கரண்ட்டைத் திட்டித் தீர்த்தோம். அந்தக் கரண்ட் கட்தான் அதுவரை மெமரியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறது. யூபிஎஸ் வந்ததும் துடைக்க ஆளில்லை.

எனக்கு அதை அவர் எங்கள் குடோனை வைத்துத்தான் புரியவைத்தார். ஃபார்முலாத் தாள் வாங்க நான் கதவில் நின்றிருந்தேன்.

"உங்க குடோன்ல இப்ப நாப்பது மூட்டைக்கு எடம் இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மணி."

"நாப்பதையும் ஒரே அட்டியா அடுக்கணும். பிரிக்கக் கூடாது. முடியுமா?"

"அதெப்புடி முடியும்? அங்க பத்துக்கு எடம், இங்க எட்டுக்கு எடம்னு துண்டு துண்டாக் கெடக்குது. நடுவுல நேத்து எறக்குன கருவாடு நிக்குது. அல்லாத்தையும் எடுத்து ஓரமா அடுக்கினாத்தான் உண்டு."

"உங்களுக்கு எடுத்து அடுக்க ஆள் இருக்காங்க. இதுக்கு இல்லீங்க. மொத்தமா காலி பண்ணி முதல்லேருந்து வந்தாத்தான் வழி."

நான் அந்த மில்லில் மூட்டை தூக்கி மேலே வந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இது பளிச்சென்று புரிந்தது. மூன்று ஃபார்முலாவுக்கு ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும், பெரியதை முதலில் போட வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் அய்யா, நீங்கள் கொண்டுவந்ததாக மலரில் எழுதியிருக்கிறீர்களே, அந்த முறை இதுதான். அந்தத் தாளை நீங்கள் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

சில வாரம் அப்படியே நடந்தது. அந்த வரி வரவே இல்லை. ஆனால் நிறுத்திப் போட்டால் திரை கறுப்பாகும். பிறகு மூலையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறும், ஒரு கீச்சுச் சத்தம் வரும், ப்ரோகிராமைக் கூப்பிட்டு, சரக்கு விவரத்தை மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிடும். இவ்வளவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் வருவார். குஞ்சு வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தவர். அவர் வந்தால் பெஞ்சு முழுக்கச் சிரிப்புதான். ஒரு திங்கட்கிழமை திரை கறுத்ததும் அவர் சத்தமாகக் கேட்டார்:

"ஏனுங்க மேனேஜரு, பொட்டி மறுக்காப் படுத்துருச்சுங்களா? செனை மாடாட்டம் படுத்துப் படுத்து எந்திரிக்குது. கன்னு போட்டா எனக்கொண்ணு சொல்லி வைங்க."

பெஞ்சே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண்கூட உள்ளே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சிரிக்காதவர் மேனேஜர் ஒருவர்தான். அவருக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் மரியாதை. மற்ற மில்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதும், முதலாளி விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுவதும் அவரால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பெஞ்சில் ஆள் இருக்கும்போது நிறுத்திப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஃபார்முலா நாளில் பெஞ்சில் எப்போது ஆள் இல்லாமல் இருக்கும்? அதனால் அந்த வரி மறுபடி வந்தது. அதையும் பண்ணைக்காரர்கள் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த ஊருக்குத் தெரியாத விஷயம். ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தவரை மேனேஜர் சேலத்திலிருந்து வரவழைத்தார். மதியம். அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தார். நான் லோடு சீட்டில் கையெழுத்து வாங்கக் கதவில் நின்றேன். அறையில் அவர்கள் இரண்டு பேர், கதவில் நான். வேறு யாரும் இல்லை.

"இந்த மெசேஜ் வரப்படாதுங்க. எடுத்துருங்க."

"அது வர்றது நல்லதுங்க சார். எடம் கெடைக்கலைன்னா நிக்கணும். நிக்காமப் போச்சுன்னா, இருக்கற எடத்துக்குத் தக்கன பட்டியலை வெட்டிட்டுப் போயிரும். கடைசில இருக்கறது உட்டுப் போகும்."

"அது உள்ளார என்னத்த வேணாப் பண்ணட்டும். திரையில வரப்படாது. அம்புட்டுத்தான்."

ப்ரோகிராம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்து எதையோ மாற்றினார். மேனேஜர் எனக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். ப்ரோகிராம்காரர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை என்று சொல்லலாம். விளங்கிய பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே. சாப்பிட்டுவிட்டு வந்த அந்தப் பெண்ணிடம் சரி பண்ணியாச்சு என்று மட்டும் சொன்னார்கள். என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, அது உனக்கு எதற்கு என்று பதில் வந்தது.

அந்த வரி அதன் பிறகு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. முடிந்தபோதெல்லாம், பெஞ்சு காலியாக இருந்தால் நிறுத்திப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை. பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். நாலு ஃபார்முலா முடிந்திருந்தது. ஐந்தாவது, எருமப்பட்டிக்காரரின் குஞ்சுத் தீவனம். தாளுக்காக நான் கதவில் நின்றேன். அந்தப் பெண் எழுந்து நின்று, "சார், ஒரு தடவ நிறுத்திப் போட்டுக்கறேன்" என்றார். மேனேஜர் வெளியே பெஞ்சைப் பார்த்தார். "மெசேஜ் வருதா? வரலையில்ல? அடி" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்து அடித்தார். தாள் வந்தது. நான் வாங்கிக்கொண்டு மிக்சிங்குக்குப் போனேன்.

எங்கள் பகுதியில் ஒரு பழக்கம் உண்டு. முதல் கலவை இறங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். தவிடு புளித்திருந்தாலும் புண்ணாக்கு பூஞ்சை பிடித்திருந்தாலும் நாக்கு சொல்லிவிடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு நாக்கு வேண்டாம் என்று சொன்னால் மிக்சரை நிறுத்துவோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு, தாளில் உள்ளதைத்தான் போட வேண்டும், மிக்சிங்காரன் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு. அன்றைக்குத் தாளில் கருவாட்டுத் தூள் போன வாரத்தைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது. பார்த்தேன். நாக்கில் வைத்தேன். கரித்தது. தொண்டைவரை கரித்தது. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, தாள் சொல்கிறது என்று மிக்சரை ஓடவிட்டேன். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பழக்கத்துக்காக நாக்கில் வைத்தேனே தவிர, நாக்கு சொன்னதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எருமப்பட்டிக்கு மேனேஜரோடு ஜீப்பில் போனேன். ஷெட்டுக்குள் குஞ்சுகளெல்லாம் தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. வயிறு உப்பி, நடக்க முடியாமல், மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. தரை முழுக்க ஈரம். அந்த வீட்டுப் பெண்மணி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, செத்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கூடை நிறைந்ததும் வெளியே கொண்டுபோய்க் குழியில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்கவைத்த அந்த மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வெச்சு மாளலீங்க. குடிக்குது, சாவுது. என்னத்தச் சாமி போட்டீங்க?"

என் நாக்கில் அந்த உப்பு அப்போது மறுபடி ஏறியது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

விசாரிக்க வேண்டிய வேலையை அந்தப் பெண் அதற்குள் முடித்துவிட்டார். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டு அதே ஃபார்முலாவை முதலாவதாக ஓட்டினார். கருவாடு வழக்கமான அளவு வந்தது. பிறகு திங்கட்கிழமை போட்ட அதே நாலை வரிசையாக ஓட்டிவிட்டு ஐந்தாவதாக அதை ஓட்டினார். இரண்டு பங்கு வந்தது. உப்பு எல்லையைச் சொல்லும் கடைசி வரி உள்ளே விட்டுப்போகிறது, அதனால் மலிவான கருவாட்டை அது அள்ளிப் போடுகிறது என்பதை அந்த இரண்டு தாளும் பச்சைப் பிள்ளைக்குக்கூடக் காட்டிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினார். "எடம் இல்லைன்னா மெசேஜ் வரணுமே, ஏன் வரல? அது மட்டும் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். அந்தத் தாள்களை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி அறையில் விசாரணை என்று ஒன்று நடந்தது. அந்தப் பெண் தவறான எண்ணைத் தட்டியதால் வந்தது என்று ஏற்கெனவே ஒரு தாள் அடித்து வைத்திருந்தார்கள். முதலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேனேஜர் சொன்னால் சரி. அந்தப் பெண் நிறுத்திப் போடக் கேட்டேன் என்றார். எப்போது கேட்டாய் என்றார் மேனேஜர். அப்போது முதலாளி என்னைப் பார்த்து, நீ அங்கே இருந்தாயா, அந்தப் பெண் கேட்டது உன் காதில் விழுந்ததா என்று கேட்டார். அந்த மாதம்தான் எனக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை போட்டிருந்தார்கள். மிக்சர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். கண்ணாடி அறைக் கதவில் மிக்சர் சத்தம் கேட்கவே கேட்காது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தாளை என் பக்கம் தள்ளினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் மில் கேட்டுக்கு வெளியே சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைக் கடந்துதான் போயாக வேண்டும்.

"நீங்க அங்கதானுங்களே நின்னீங்க?"

"பஸ் வருது அம்மணி" என்றேன்.

பஸ் வரவில்லை. அது வருவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அடுத்த வாரம் கண்ணாடி அறையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்று ஃபார்முலாவுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை நிறுத்திப் போட வேண்டும், பெரிய ஃபார்முலாவை முதலில் போட வேண்டும். கீழே மேனேஜர் கையெழுத்து. ப்ரோகிராம்காரரைக் கூப்பிட்டு அந்த மெசேஜையும் திரும்ப வரவைத்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படியென்றால் எது தப்பு என்று தெரிந்துதான் எல்லாம் நடந்தது. அந்தப் பெண் நாமக்கல்லில் இன்னும் இரண்டு மூன்று மில்லில் வேலை கேட்டார். கோழி வட்டாரத்தில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். குஞ்சைக் கொன்ற பெண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சேலத்துக்குப் போய் அத்தா கடையில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆனது. ஒரு மகள் பிறந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

பல வருஷம் கழித்து மில் லாரிக்குத் தார்ப்பாய் வாங்கச் சேலம் போனபோது அந்தக் கடைக்குத்தான் போனேன். தெரியாமல் போனேன் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. டீ வரவழைத்துக் கொடுத்தார். தார்ப்பாயை விரித்து அளந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "அந்த மெசேஜ் எப்பிடிங்க வராமப் போச்சு? மத்ததெல்லாம் வெளங்கிருச்சு. அது ஒண்ணுதான் இன்னும் வெளங்கல." அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் நானும் அவரும்தான் இருந்தோம். எனக்குத் தெரியலீங்க அம்மணி என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது பயப்பட ஒன்றுமில்லை. மேனேஜரே வேறு மில்லுக்குப் போய்விட்டிருந்தார். பிறகு எதற்காகச் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் அவர் இறந்துவிட்டார். சேலம் பக்கம் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் நாற்பது நாள் கழித்து. விழாவுக்கு முன்பே இந்த மலர் வெளிவந்ததும் அவருடைய மகள் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினாள். யாரோ அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். "எங்கம்மா தப்பா டைப் பண்ணிட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜை எடுக்கச் சொன்னது, நிறுத்திப் போடக் கேட்டது, நாக்கில் வைத்தது, கையெழுத்து, தார்ப்பாய்க் கடை, எல்லாம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள். மறுநாள் அம்மா எழுதிய அந்த நீள நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். வரிசை வரிசையாக எண்கள். கடைசியாக எழுதிய பக்கத்தில், குஞ்சுகள் செத்த வாரத்துத் தேதிக்குக் கீழே, "மெசேஜ் ஏன் வரவில்லை?" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே பதில் எழுத இடம் விட்டிருந்தார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அதை நிரப்பக்கூடிய ஆள் நீங்கள், ப்ரோகிராம்காரர், நான் என்று மூன்று பேர். மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை. இனி நிரப்பி என்ன ஆகப்போகிறது? அவர் படிக்கப்போவதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அந்த எண்ணம்தான் வந்துகொண்டே இருக்கிறது.

போன வாரம் எருமப்பட்டிக்குப் போனேன். அந்தப் பண்ணைக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. ஷெட் இருந்த இடத்தில் மரவள்ளி போட்டிருக்கிறார்கள். அந்த வருஷத்தோடு கோழியை விட்டுவிட்டார். மில்லில் இருந்து வருகிறேன் என்றதும், "அந்தப் புள்ளையப் பத்திப் பேச வந்தீங்களாக்கும். அதை நான் அப்பவே மன்னிச்சுட்டனுங்க. சின்னப் புள்ள, கை தவறிருச்சு" என்றார். கை தவறவில்லை, அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பி, சத்தம் வந்த திசையில் என்னைத் தேடினார்.

"அப்பறம் யாருங்க?"

கரித்தது தெரிந்தும் மிக்சரை ஓட்டியது நான், பொய்க் கையெழுத்துப் போட்டது நான் என்று அவரிடம் சொன்னேன். அவருடைய மருமகள் எனக்காகக் கொண்டுவந்த தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரியாகத்தான் செய்தாள். ஆனால் அந்த மெசேஜை எடுக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்டபோது நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை, மேனேஜர் அய்யா. பயந்துகொண்டு இல்லை. நான் சொன்னால் அது என் பேச்சு. முன்பு பொய்க் கையெழுத்துப் போட்ட ஒருத்தனின் பேச்சு. அதை யாரும் நம்பத் தேவையில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் ஆண்டு விழாவில் பழைய மேனேஜர் என்று உங்களுக்குச் சால்வை போடப் போகிறார்கள். கையில் மைக் கொடுப்பார்கள். முதலாளியின் மகன் இருப்பார், பழைய பண்ணைக்காரர்கள் இருப்பார்கள். எருமப்பட்டிக்காரரைக் கையைப் பிடித்து நான் அழைத்துவருகிறேன். அந்த மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், எனக்குப் போன் செய்ய வேண்டாம், மலரில் திருத்தம் போடுகிறோம் என்று சொல்ல வேண்டாம். அந்த மைக்கில், அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். மெசேஜை எடுக்கச் சொன்னது யார்?